கட்டார்க் குரவை

திருமணம் உறுதியானதும் தங்கை தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ராத்தா, மாப்பிள்ளை படியில ஏறக்குள்ள குரவை போடணும். நீங்கதான் தொடங்கணும்."

கணவரின் வேலைக்காக வந்து சேர்ந்த கட்டார் ஃபிளாட்டின் சமையலறையில் நின்றபடி, "ஓம்" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் பயம் பிடித்தது. நாக்கைச் சுழற்றிப் பெண்கள் எழுப்பும் அந்த ஒலியை, இலங்கையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதில், எங்கள் தெருவில் கேட்டுப் பல வருடங்கள். இஸ்லாம் மார்க்கத்தில் இல்லாதது என்று சிலர் சொல்ல, ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து ஊர், மருதமுனை. அவர்கள் முகம் சுளித்தால் தங்கைக்கல்லவா குறை?

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகினேன். மகள் கதவைத் தட்டினாள்.

"உம்மா, அழுறீங்களா?"

"இல்ல புள்ளே, குரவை போடுறன்."

"இப்பிடியில்ல. இஞ்ச பாருங்க!" எதிர்ஃபிளாட் சூடான்காரர்களின் கல்யாணத்தில் பிடித்துக்கொண்டதை எடுத்துவிட்டாள். கூர்மையாக மேலே ஏறி, சட்டென்று அறுந்தது. எங்களுடையது தாழத் தொடங்கி நீளும். திருத்தினேன், அவள் கேட்கவில்லை. பிள்ளையை இங்கே வளர்ப்பது சரிதானா என்று அன்று முழுவதும் யோசித்தேன். சூடான் முஸ்லிம்களே போடும்போது நாங்கள் எதற்காக விட்டோம் என்றும் யோசித்தேன்.

கல்யாண நாளில், ஊரில் எங்கள் வீட்டு வாசலில் மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கினார். தங்கை ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தாள். கையை வாயருகே வைத்துத் தொடங்கினேன். குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. உம்மாவின் தங்கை சேர்ந்தார், அடுத்த வீட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். திடீரென்று எல்லாவற்றுக்கும் மேலே மகளின் சூடான் குரவை ஏறியது. அடக்கக் கையை உயர்த்தினேன். பிறகு, போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளையின் உம்மா திரும்பிப் பார்த்தார். "ஆருகா அது, கத்தியால கீறின மாதிரி?"

"என்ட மகள், மாமி. கட்டார்ல பழகினது."

"கட்டார்லயும் போடுறாங்களா? நமக்கிட்ட இருந்துதான் போயிருக்கும்." சொல்லிவிட்டு அவரும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தொடங்கினார். எங்களுடையதைவிட நீளம். மருதமுனைக்காரர் தோற்கக்கூடாதாம்.

அதற்கு மேல் எங்களால் நிறுத்த முடியவில்லை. ஜன்னலில் தங்கை சீலையை விலக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலை நாங்கள் அடைத்து நின்றதால் மாப்பிள்ளை மட்டும் முதற்படியிலேயே காத்து நின்றார்.