பெயரை எடுத்தேன், ஆளை எடுக்கவில்லை

நான் அருப்புக்கோட்டையில் கல்லூரி ஆசிரியர். பரளச்சிப் பக்கத்து மானாவாரிக் குதிரைவாலி வறட்சியை எப்படித் தாங்குகிறது என்று ஆராய்ந்து கட்டுரை எழுதினேன். அது ஓர் ஆய்விதழில் வந்தால்தான் என் முனைவர் பட்டம் நகரும்.

எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக்கூடாது என்பது அந்த இதழின் விதி. தெரிந்தால் படிக்காமலே திருப்பிவிடுவார்கள். ஒரு முறை அப்படித் திரும்பியும் வந்துவிட்டது. அதனால் இந்த முறை பெயர், கல்லூரி, நன்றியுரை எல்லாவற்றையும் தேடித் தேடி அழித்தேன். அனுப்பும் பொத்தானை அமுக்கும் முன், பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டேன்.

"இனிமே எந்தக் கொம்பனாலயும் என்னயக் கண்டுபிடிக்க முடியாது, பாரு!"

கட்டுரையைப் புரட்டியவள் சட்டென்று சிரித்துவிட்டாள்.

"ஏங்க, பேரை எடுத்துட்டீக. படத்துல ஆளு நிக்கிறீகளே! அதுவும் கும்பிட்டுக்கிட்டு!"

பயிர் எவ்வளவு உயரம் என்று காட்ட, இஸ்திரி போட்ட சட்டையில் நானே பக்கத்தில் நின்றிருந்தேன். காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊர்க்காரன். கேமராவைக் கண்டால் கை தானாகக் குவிந்துகொள்கிறது.

"அளவு தெரியணும்ல?" என்றேன்.

"தெரியுது, தெரியுது. தொப்பை அளவும் சேத்தே தெரியுது."

நல்லவேளை, வயலில் அறுப்பு முடியவில்லை. மறுநாளே ஓடிப்போய் அளவுகோலை நட்டுப் படமெடுத்து அனுப்பினேன். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்! படங்கள் மிகத் தெளிவு என்று பாராட்டு வேறு.

இப்போதெல்லாம் பயிருக்குப் பக்கத்தில் அளவுகோல்தான் நிற்கிறது. நான் கேமராவுக்குப் பின்னால். எதையும் அனுப்பும் முன் மனைவியிடம் காட்டிவிடுகிறேன். என் கும்பிடு இப்போது அவளுக்கு மட்டும்தான்.