கடுக்காய் ஏன் கீழே வரவில்லை

சடையப்பன் காலமான செய்தி செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் வந்தது. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து அவருடைய மகள் பேசினாள். "அம்மா, அப்பா போயிட்டாருங்க. நேத்து சாயந்திரம் தொட்டிங்களுக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்தவரு அப்படியே உக்காந்துட்டாரு." நான் ஆறுதல் சொல்லத் தொடங்குவதற்குள் அவளே தொடர்ந்தாள். "அப்பாகிட்ட தபால்ல மரம் வாங்கினவங்களுக்கெல்லாம் ஒரு தாள் அச்சடிச்சு அனுப்பலாம்னு இருக்கோம். நீங்கதான் எழுதித் தரணும். உங்க லெட்டரு மாதிரி சுத்தமா யாரும் எழுதமாட்டாங்கன்னு அப்பா சொல்லிக்கினே இருப்பாரு."

ஒப்புக்கொண்டேன். ஆனால் என் கடிதங்கள் எவ்வளவு சுத்தம் என்பது எனக்குத்தான் தெரியும். அவரிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அவர் உயிரோடு இருந்தவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தத் தாளில் அவரைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது இரண்டாவது பொய்யாகும்.

அவரிடம் மரம் வாங்கிய உங்களுக்கு அவருடைய முறை தெரியும். கன்று கேட்டு அஞ்சலட்டை போட்டால் உடனே கன்று வராது. "நடப்போற எடத்துல முழங்கை ஆழம் தோண்டி, அந்த மண்ணுல ரெண்டு படி அனுப்புங்க" என்று பதில் வரும். அந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, மலைக்கன்று ஒன்றை அதில் மாற்றி, ஒரு மாதம் வைத்துப் பார்ப்பார். துளிர்த்தால் கேட்ட கன்றுகளைத் தொட்டியோடு வைக்கோல் சுற்றி அனுப்புவார். துளிர்க்காவிட்டால், "உங்க மண்ணுக்கு இது வராது, புங்கன் வாங்கிக்கங்க" என்று எழுதிவிடுவார். "வாங்கறவங்க மொகத்தப் பாக்க வேணாம், மண்ணப் பாத்தா போதும்" என்பது அவர் அடிக்கடி சொன்னது.

என் கணவர் இறந்த பிறகு சங்கராபுரம் சாலையில் அவர் வாங்கிப்போட்ட நிலம் என் பொறுப்புக்கு வந்தது. களர் நிலம். கோடையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். "கவலப்படாதீங்க அண்ணி, கொழம்புக்கு உப்பு வாங்க வேணாம்" என்று என் கொழுந்தன் பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் பன்னிரண்டு கடுக்காய் மரங்களை நிறுத்திக் காட்டுவதென்று அன்றே முடிவு செய்தேன்.

சடையப்பனுக்கு எழுதினேன். மண் கேட்டார். அந்த வெளுத்த மண்ணை முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்ப எனக்குக் கூசியது. வீட்டு முன்புறம், வெளியூர்ச் செம்மண்ணும் மக்கிய எருவும் போட்டு நான் வளர்த்த ரோஜாப் பாத்தி இருந்தது. அதிலிருந்து எடுத்தேன். சல்லடையில் சலித்தேன். துவைத்து இஸ்திரி போட்ட துணியில் பொட்டலம் கட்டி, கான்வென்டில் பழகிய கையெழுத்தில் விலாசம் எழுதி அனுப்பினேன்.

"இப்படி ஒரு மண்ணை நான் கையில் பிடித்ததில்லை. கடுக்காய் பத்தே நாளில் துளிர்த்துவிட்டது" என்று பதில் வந்தது. அந்த அட்டையை இரண்டு முறை படித்தேன். வெட்கம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

ஆடியில் நட்டேன். ஆவணி முடிவதற்குள் பன்னிரண்டும் கருகிவிட்டன. கடிந்து ஒரு கடிதம் எழுதினேன். 'தங்கள் கன்றுகள் தரமற்றவை' என்ற வாக்கியம் அதில் இருந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. "உங்கள் மண்ணில் குறை இல்லை. தப்பு என்னுடையதுதான். எடுக்கும்போது வேரை எங்கேயோ முறித்திருக்கிறேன். வேறு பன்னிரண்டு கன்றை நானே கொண்டுவந்து நட்டுக் கொடுக்கிறேன்" என்று எழுதினார். வர வேண்டாம் என்று எழுத உட்கார்ந்த அன்று தபால் போக வழியில்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கிவிட்டது.

அந்த ஒரு வாரத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். கேட்டவர்களுக்கு நியாயம் இருந்தது, தடுத்தவர்களுக்கு உத்தரவு இருந்தது. இரண்டாம் நாள் மதியம் புழுதி படிந்த வேட்டியோடு ஒரு மெலிந்த மனிதர் என் வாசலில் நின்றார்.

"நீங்கதானேங்கம்மா அந்த மண்ணு அனுப்பினவங்க?"

அதுதான் நாங்கள் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டது. அவர் வந்த பேருந்தை வழியில் மறித்துக் கண்ணாடியை உடைத்திருந்தார்கள். போலீசார் அதை இழுத்துவந்து எங்கள் ஊர்க் காவல் நிலைய வளாகத்தில் நிறுத்திவிட்டார்கள். கன்றுகள் பேருந்தின் கூரைமேல் கட்டியபடியே இருந்தன.

இருவரும் போனோம். மதில் இடுப்புயரம்தான். பன்னிரண்டு தொட்டிகளையும் வெளியிலிருந்தே எண்ண முடிந்தது. வாசலில் நின்ற காவலரிடம் சடையப்பன் கெஞ்சினார். "கன்னுங்கள மட்டும் எறக்கிக்கறேன் சார்."

"பஸ்ஸு கேஸுல இருக்குதுய்யா. மேல இருக்கற துணிமூட்டகூட கேஸுதான்."

"அப்போ ஒரு கொடம் தண்ணியாவது ஊத்திக்கறேன் சார்."

"ஊரே மரத்த வெட்டி ரோட்ல போட்டுக்கினு இருக்குது, நீ செடிக்குத் தண்ணி ஊத்தணும்ன்றியே! இன்னாய்யா ஆளு நீ?"

நான் ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதிக் கொண்டுபோய் ஆய்வாளரிடம் நேரில் கொடுத்தேன். முழுவதும் படித்தார். "இங்கிலீஷு ரொம்ப நல்லா இருக்குதும்மா. ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றார்.

மறுநாள் சடையப்பன் என் வீட்டுக் குடத்தை வாங்கிக்கொண்டு வந்து, மதிலுக்கு வெளியே நின்று செம்பு செம்பாகத் தண்ணீரை வீசினார். ஒரு துளியும் கூரைக்கு எட்டவில்லை. பேருந்தின் பக்கவாட்டில் பட்டு வழிந்தது. "வாணாய்யா, பஸ்ஸு பளிச்னு ஆயிட்டா யாரு பஸ்ஸுன்னு அடையாளம் தெரியாது" என்று அந்தக் காவலர் சிரித்தார். சடையப்பனும் சிரித்தார். குடம் காலியாகும்வரை வீசினார்.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள். அந்த நாட்களில் அப்படித்தான் காய்ந்தது. என் வீட்டு வராந்தாவில் தங்கியிருந்த அவர் மூன்றாம் நாள் கேட்டார். "சும்மாதானே இருக்கறேன். நட்ட எடத்தயாவது காட்டுங்கம்மா. என் கையில இன்னா கோளாறுன்னு தெரிஞ்சுக்கறேன்."

காட்டினால் ஒரே பார்வையில் தெரிந்துகொள்வார். "வழியெல்லாம் மறியல். இப்போது போவது நல்லதல்ல" என்றேன். மலையிலிருந்து பாதி வழி நடந்தே வந்தவரிடம் இதைச் சொன்னேன். "நீங்க சொன்னா சரிங்கம்மா" என்றார்.

நான்காம் நாள் இலைகள் சுருண்டு கூரைமேல் உதிரத் தொடங்கின. அவர் மதிலில் கைவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது ரெண்டாவது தடவங்கம்மா. அவ்ளோ நல்ல மண்ணுலயே நிக்கலன்னா, வேற எந்த மண்ணுல நிக்கப்போவுது? இனிமே மலையெறக்கிக் கீழ்நாட்டுக்குக் கடுக்கா அனுப்பறதில்ல. என் கையி அதுக்கு ஆவல."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவர் முகத்தைப் பார்த்தேன். வாயும் திறந்தேன். "காபி சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டேன்.

"வாணாங்கம்மா, பொழுதோட மலையேறணும்" என்று சொல்லி, வெட்டிப்போட்ட மரங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்து போனார்.

பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அவருக்குக் கடிதம் எழுதினேன். ஒவ்வொரு முறையும் இந்த விஷயத்தோடுதான் தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, நலம் விசாரித்து இன்னொரு தாள் எழுதி அனுப்பினேன். அந்த நிலத்தில் நான் வேறெதையும் நடவில்லை. கொழுந்தனும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரிடம் அதை நிரூபிப்பது?

இதை எழுதுமுன் அவருடைய மகளைக் கூப்பிட்டு, அப்பா அதன் பிறகு எப்போதாவது கடுக்காய் அனுப்பினாரா என்று கேட்டேன். "இல்லீங்கம்மா. எவ்ளோ பேரு கேட்டாங்க! மண்ணப் பிரிச்சுக்கூடப் பாக்கமாட்டாரு. எனக்குக் கை ராசியில்லன்னு எழுதிப் போட்டுடுவாரு" என்றாள்.

உங்களில் சிலருக்கு அந்த அஞ்சலட்டை வந்திருக்கும். அவர் கையில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் மண்ணும் கெட்டதல்ல. கடுக்காய் உங்கள் ஊருக்கு வராமல் போனதற்கு நான்தான் காரணம். அவருடைய மகளுக்கு அந்த வேலை முழுவதும் தெரியும். இனி அவளிடம் கேளுங்கள்.

மற்றவர்கள் அவர் நினைவாக மரங்களை வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர் விட்டுப்போனது, என் தப்பைத் தன்னுடையது என்று எழுதி அனுப்பிய அந்த ஒரு வரி. அந்தத் தப்பு என்னுடையது என்று இப்போது எழுதிவிட்டேன். தாள் எல்லாருக்கும் போய்ச் சேரும், அவருக்குத் தவிர.