தேங்காய் துருவிய கதாநாயகன்

கத்தரீனாள் காட்டும் படத்துக்கு டிக்கெட் வேண்டாம். ஏலச்செடிக்கு அடியில் உட்கார்ந்து, இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு காய் எடுக்கிற எவளும் அதைப் பார்க்கலாம். குமுளிக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் மழைக்கும் அட்டைக்கும் குறைவில்லை, போனில் சிக்னல்தான் இல்லை. ஆகவே ஞாயிறு பூசை முடிந்து பஸ் ஏறி, மலையிறங்கிப் போய்க் கம்பத்தில் அவள் பார்க்கிற படம்தான் திங்கட்கிழமை எங்கள் வரிசைக்கே படம். கதை சொல்லும் மும்முரத்தில் அவள் கை நின்றுபோகும். ஆளுக்கு ஒரு பிடி காயை அவள் கூடையில் போட்டுவிடுவோம். அது அவளுக்குச் சேர வேண்டிய கூலி.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் இதில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. மாற்றுகிற வேலை கத்தரீனாளுடையது. அவள் அதை மனசாரச் செய்தாள்.

சினிமாவில் வருகிற பெண்டாட்டிகளுக்குக் கொடுத்திருக்கும் வேலை அவளுக்குப் பிடிக்காது. கல்யாணம் வரைக்கும் மலையெல்லாம் ஓடி ஆடினவள், தாலி ஏறியதும் காபி டம்ளரோடு கதவோரம் ஒதுங்கிவிடுவாள். பிறகு அழுவாள். இடைவேளை நெருங்கினால் அவளை யாராவது கொன்றுவிடுவார்கள், கதாநாயகனுக்குக் கோபம் வர வேண்டும் அல்லவா.

“ஆம்பளைக்குக் கோபம் வர ஒருத்தி சாகணுமாக்கும்? ரேஷன் கடை வரிசையில ரெண்டு மணி நேரம் நிப்பாட்டு, தன்னால வரும்” என்பாள்.

அவள் சொல்லும் படத்தில் பெண்டாட்டிகள் சாக மாட்டார்கள். கஞ்சி குடிக்கும் நேரத்தில் எங்கள் வரிசையில் சின்னவளான நிமி, வார இதழைப் பிரித்துத் தொடர்கதை வாசிப்பாள். அதில் ஒருத்தி அடி வாங்கிவிட்டு, ‘அவர் மனசு எனக்குத் தெரியும்’ என்று தலையணையை நனைப்பாள். “அந்தத் தலையணைய வெயில்ல போட்டுட்டு மிக்ஸிய எடுத்துக்கிட்டு பஸ் ஏறச் சொல்லுடி” என்று அந்தக் கதையையும் கத்தரீனாள் திருத்திவிடுவாள்.

அவள் புருஷன் சூசையப்பன்தான் எங்களுக்குக் கங்காணி. பெரிய மீசை, கழுத்தில் விசில். வேலை நேரத்தில், வரிசையில் நாலாவதாக உட்கார்ந்திருக்கும் கட்டின பெண்டாட்டியையே “ஏம்மா, நாலாவது ஆளு, வாயக் குறை” என்றுதான் கூப்பிடுவார். அவர் தலை தெரிந்தால் எங்கள் படம் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு ஜன்னல் சாத்தியே இருக்கும். தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வோம்.

இப்படி இருக்கும்போது அந்த அரிவாள் படம் வந்தது. திங்கட்கிழமை கத்தரீனாள் ஆரம்பித்தாள். கதாநாயகன் ஒற்றை ஆளாக ஒரு லாரி நிறைய ஆட்களை அடித்துப் போட்டான். அதுவரை எங்களுக்கு ஆச்சரியமில்லை. அப்புறம் சொன்னாள்:

“மறுநாள் ஞாயித்துக்கிழமை. அவ தூங்குறா. அவன் எந்திரிச்சுக் கட்டன் சாயா போட்டு வச்சிட்டு, மத்தி மீன ஆஞ்சு கழுவி, துருவுமணைய இழுத்துப் போட்டு உக்காந்து தேங்கா துருவுறான். அதே கைடி! லாரிய நிறுத்துன கை! அவ வாசப்படியில காலை நீட்டிக்கிட்டு, ‘இன்னும் மெல்லிசா’ங்குறா. அவன் ‘சரி’ங்குறான்.”

“ஐயோ மாதாவே” என்று நிமி எடுத்த காயை எல்லாம் கீழே கொட்டிவிட்டாள்.

நிமிக்கு அப்போது கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை ஜிதின், குமுளியிலிருந்து எங்களை ஏற்றி இறக்கும் ஜீப் டிரைவர். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெயர் வாசித்து, தடை உண்டா என்று சாமியார் கேட்பார். அதை ஓலை என்போம். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இந்த ஜிதின் அந்த நடிகருக்கு உயிரைக் கொடுப்பவன். ஜீப்பின் முகப்பில் கண்ணாடியை மறைத்துக்கொண்டு அவர் படம்தான் சிரிக்கும்.

அன்று சாயங்காலம் ஜீப்பில் ஏறும்போதே நிமி கேட்டாள். “படத்துல உங்க தலைவரு ஞாயித்துக்கிழமை மீன் கழுவித் தேங்கா துருவுறாராமே. நீங்க செய்வீங்களா?”

“தலைவரு செஞ்சா நானும் செய்வேன். மாதா சத்தியமா!” என்றான், மார்பில் குத்திக்கொண்டு.

“முதல் நாளே பாத்தீங்களே, அந்தச் சீன் ஞாபகமில்லையா?”

ஜிதின் முழித்தான். படம் பார்க்கப் போனவன் படத்தைப் பார்க்கவில்லை, பாவம். திரைக்குக் கீழே நின்று ஆடினான், காகிதம் கிழித்துப் போட்டான், விசிலடித்துத் தொண்டை போய் வந்தான். படத்தில் யார் யாரைக் கட்டினார்கள் என்பதே அவனுக்குத் தெரியாது. சத்தியம் மட்டும் ஜீப் நிறைய சாட்சிகளோடு நின்றுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்குக் கம்பம் போனான். இந்தத் தடவை உட்கார்ந்து பார்த்தான். தேங்காயும் இல்லை, மத்தியும் இல்லை. பெண்டாட்டி பேசிய ஒரு வார்த்தைக்கு அவன் தலைவர் அவளை ஓர் அறை அறைந்தார், அவள் அவர் காலைப் பிடித்தாள், தியேட்டரே கைதட்டியது. சனிக்கிழமை வேலை முடிந்து நாங்கள் ஜீப்புக்கு வந்தபோது அவன் கத்தரீனாளுக்காகக் காத்து நின்றான்.

“சித்தி, அப்படி ஒரு சீனே அதுல இல்ல!”

“ஒண்ணுக்குப் போக எந்திரிச்சிருப்ப.”

“எந்திரிக்கவே இல்ல சித்தி! முட்டிக்கிட்டு வந்துச்சு, அப்பவும் எந்திரிக்கல!”

நாங்கள் சிரித்த சிரிப்பில் ஜீப் ஆடியது. கத்தரீனாள் மட்டும் அசையவில்லை. “சரி, இல்ல. எடுத்தவன் மறந்துட்டான், நான் வச்சேன். நீ பாத்த அறைய நான் எடுத்துட்டேன். ரெண்டுல எது நல்லாருக்குன்னு இவளுககிட்ட கேளு.”

ஜிதின் நிமியின் பக்கம் திரும்பினான். “கேட்டியா? பொய்க்கதை. சத்தியம் செல்லாது.”

நிமி சிரிப்பை நிறுத்தினாள். “தலைவரு செய்யலன்னா போகட்டும். நீங்க செய்வீங்களா, மாட்டீங்களா? அறையுற கையா, துருவுற கையா? சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கு ஓலை வாசிக்கிறப்ப எந்திரிச்சுத் தடை இருக்குன்னு நானே சொல்லுவேன்.”

சொல்லக்கூடியவள்தான். அவள் அம்மா மூக்கம்மாள் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அடியே, பந்தலுக்குச் சொல்லியாச்சுடி” என்றாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

ஜிதினுக்கு முகம் சிவந்துவிட்டது. “எந்த ஆம்பள செய்வான்? இந்த மலையில ஒரு ஆளக் காட்டு, இப்பவே ஒத்துக்கிறேன். மீசை வச்சவன் இப்படி உக்காந்து…” என்று ஜீப் படியில் கால் அகட்டி உட்கார்ந்து, இல்லாத தேங்காயை இரண்டு கையாலும் பிடித்து, விறகு அறுக்கிற மாதிரி நடுவில் போட்டு இழுத்துக் காட்டினான். இளையவர்களெல்லாம் சிரித்தார்கள். நிமியின் கண் கலங்கிவிட்டது.

கத்தரீனாள் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜீப்புக்குப் பின்னால் ஆள்கணக்குப் பார்த்து நின்ற புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. நன்றாக நினைவிருக்கிறது.

“டேய், டேய், அப்படி இல்லடா!”

குரல் பின்னாலிருந்து வந்தது. சூசையப்பன் விசிலைச் சட்டைக்குள் போட்டுவிட்டு முன்னே வந்தார். “நடுவுல போட்டு அமுக்குனா ஓடு சேந்து வரும், குழம்பு கறுத்துப் போகும். ஓரத்துல ஆரம்பிச்சு, சிரட்டையச் சுத்திக்கிட்டே உள்ள வரணும். மணிக்கட்டுதான் திரும்பணும், தோள் இல்ல” என்று கையைச் சுழற்றிக் காட்டினார். பாதிச் சுழற்சியில் கை நின்றது. எங்களைப் பார்த்தார்.

ஞாயிறுதோறும் கத்தரீனாள் கம்பத்தில் இருந்தாள். அவள் வீட்டிலிருந்து மீன் குழம்பு மணந்தது. யார் அடுப்பு மூட்டியது என்று இத்தனை காலமும் ஒருத்தியாவது யோசித்தோமா?

“நாலாவது ஆளு, உங்க வீட்டு ஜன்னல் ஏன் சாத்தியிருக்குன்னு இப்பல்ல தெரியுது!” என்று கத்தரீனாளைப் பார்த்து நான்தான் முதலில் கத்தினேன். அப்புறம் யார் என்ன கத்தினார்கள் என்று சொல்ல முடியாது. மூக்கம்மாள் கீழே உட்கார்ந்து சிரித்தாள்.

“இன்னும் மெல்லிசா!” என்று நிமி கூவினாள். கங்காணி பழக்க தோஷத்தில் “சரி” என்றார். கேட்டுக்கொண்டிருந்த ஜிதினே சிரித்துவிட்டான்.

“ஆளக் காட்டியாச்சு” என்றாள் நிமி. “நாளைக்குப் பூசைக்கு முன்னால சித்தப்பாகிட்டப் போய்க் கத்துக்கிட்டு வாங்க.”

மறுநாள் மூன்றாவது ஓலை வாசிக்கும்போது, சாமியார் வழக்கம்போல் “தடை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்” என்றார். நிமி எழுந்து நின்றாள். கோயில் முழுக்கத் திரும்பியது. சாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஜிதின் மெதுவாகத் தன் வலது கையை உயர்த்தினான். இரண்டு விரலில் துணிக்கட்டு, ஒரு விரலில் இன்னும் தேங்காய்ப்பூ. நிமி அதை நன்றாகப் பார்த்தாள், ஒரு இருமல் இருமினாள், சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பூசை முடிந்து கத்தரீனாள் கம்பம் பஸ்ஸில் ஏறினாள். வண்டி நகர்ந்ததும் ஜன்னலில் தலையை நீட்டி, “ஏங்க, புளியக் கம்மியாப் போடுங்க!” என்று கத்தினாள். சூசையப்பன் மீசையைத் தடவிக்கொண்டு, குமுளி பஸ் ஸ்டாண்டே பார்க்க, “சரி” என்று தலையை ஆட்டினார்.