கிளாஸ்கோக்காரியும் அம்மாவும்

“விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்” என்று என் ஆங்கிலத்துக்கு மூன்றாவது தடவையும் சொன்னது தொலைபேசியின் இயந்திரக் குரல். “ஒஸி மாதிரிச் சொல்லுங்கோ அம்மா,” என்று மகள் சிரித்தாள்.

பத்து வயதில், கிரவீன் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டில், ஒஸி மாதிரி, அதாவது அவுஸ்திரேலியர் மாதிரி, ஆங்கிலம் பேசியது நான்தான். அம்மாவுக்கு வரும் அழைப்புகளில் பாதியை நானே பேசி முடிப்பேன். ஒருநாள் குசினியில் கருவாடு பொரித்துக்கொண்டே அம்மா மின்சாரக் கந்தோருக்குத் தானே பேசினார். மன்னார் கொன்வென்டில் படித்த ஆங்கிலம். “இங்கிலிஷ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டாள் மறுமுனையில் இருந்தவள். நான் கையை நீட்டினேன். அம்மா ரிசீவரைத் தரவில்லை.

“நீங்கள் எந்த ஊர்?” என்று ஆங்கிலத்திலேயே கேட்டார்.

“கிளாஸ்கோ.”

“உங்கட இங்கிலிஷும் எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. நான் வேற ஆளைக் கேட்டனானே? கவனமாக் கேளுங்கோ.”

அவள் கேட்டாள். நான் வெட்கத்தில் மேசைக்குக் கீழே போய்விட்டேன்.

ஒஸி மாதிரி இன்றும் எனக்குப் பேச வரும். வேலையில் தினமும் அதுதான். ஆனால் இது என் வீடு. நான்காவது தடவையும் அம்மாவின் உச்சரிப்பிலேயே சொன்னேன்.

விளங்கும்வரை கேட்கட்டும்.