மூன்றடி பின்னால் வருகிறவர்

"தண்ணியிலயே ஒண்ணுக்குப் போயிடாதம்மா. மொதல்ல வர்றது எங்களுக்கு."

எங்கள் சோதனைக் குழுவில் ஒரு அம்மாள். நீச்சல் குளத்தின் கரையோரமாகவே நடந்து, நீந்துகிறவளின் தலை வெளியே வரும்போதெல்லாம் குனிந்து சொல்வார். பந்தயம் முடிந்தவர்கள் உடம்பு தளர்வதற்காகப் பக்கத்துக் குளத்தில் கொஞ்ச நேரம் நீந்துவது வழக்கம். அங்கேதான் இந்த அம்மாளுக்குச் சந்தேகம் தலைக்கேறும். தண்ணீருக்குள் நடப்பதை எந்தக் கண் பார்க்கும்? போன வாரம் முதலாவதாக வந்தவள் இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள். "சிரிக்கிறவங்களத்தான் சார் நம்பக்கூடாது" என்று என்னிடம் வந்து சொன்னார்.

உலக நாடுகளெல்லாம் கூடுகிற விளையாட்டுப் போட்டி இது. நீச்சலில் பதக்கம் வாங்கியவர் ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்கும்வரை, கூடவே ஒரு ஆள் இருந்து கண்காணிக்க வேண்டும். பெண்களுக்கு இவர். மூன்றடிக்கு மேல் விலகமாட்டார். கழிப்பறைக் கதவையும் சாத்தவிடமாட்டார். மற்ற தன்னார்வலர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் ஒட்டுப்புல். நான் சோதனை அறையில் படிவம் நிரப்புகிறவன். பத்து நாளாக இவரோடு ஒரே அறையில் இருந்து மாரடிக்கிறேன். மேசையிலிருந்த என் டீயை ஒருநாள் மோந்து பார்த்துவிட்டுத்தான் நகர்த்தி வைத்தார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மற்ற நாளில் அவருக்குத் துணிக்கடையில் வேலை. உடை மாற்றும் அறை வாசலில் நின்று, உள்ளே போன உருப்படியையும் வெளியே வந்த உருப்படியையும் எண்ண வேண்டும். "மூணு உள்ள போச்சு, ரெண்டு வெளிய வருது. அப்ப ஒண்ணு உடம்பு மேல இருக்குன்னு அர்த்தம்" என்பார், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. வீட்டிலும் அதே உத்தியோகம்தான். கணவருக்குச் சர்க்கரை வியாதி. நடந்துவிட்டு வருகிற மனிதரை வாசலிலேயே நிறுத்தி, இனிப்பு தின்றாரா என்று பார்க்க, "ஊதுங்க" என்பாராம். அவர் கிராம்பு மெல்லப் பழகிவிட்டார். இப்போது கிராம்பு வாசனை வந்தாலே சண்டை.

சும்மா சொல்லக்கூடாது, சந்தேகம் எப்போதும் வீண்போவதுமில்லை. இரண்டாம் நாள், ஒரு பயிற்சியாளர் தன் மாணவிக்குக் கைகொடுத்தார். இவர் நடுவில் புகுந்து அந்தப் பெண்ணின் கையை விரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு இருமல் மிட்டாய். பயிற்சியாளருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இன்னிக்கு மிட்டாய். நாளைக்கு என்னவோ, யாரு கண்டா?" என்றார் இவர்.

நேற்று தவளை நீச்சலில் மூன்றாவதாக வந்த தமிழ்ப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எங்கள் அறைக்கு வந்து, ஐந்து புட்டி தண்ணீர் குடித்தும் ஒரு சொட்டு வரவில்லை. கண்ணெல்லாம் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"அம்மா ஒன்றரை மணி பஸ்ல ஏர்போர்ட் போறாங்க அக்கா. வெளிய நிக்கிறாங்க. பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு." பயிற்சிக்காக வேறு நாட்டில் போய் இருக்கிறாளாம். மணி அப்போது ஒன்று பத்து.

"எல்லாருக்கும்தான் வெளிய ஒரு அம்மா நிப்பாங்க" என்றார் ஒட்டுப்புல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, நீங்க கூடப் போனா விதியில இடமிருக்கே" என்றேன்.

"விதி எனக்கும் தெரியும் சார். யாராவது எதையாவது கையில திணிச்சு, நான் கோட்டை விட்டுட்டா போறது யாரோட பதக்கம்? என்னோடதா? அப்புறம் நாலு வருஷம் இவ தண்ணியில கால் வைக்க முடியாது."

அந்தப் பெண் ஆறாவது புட்டியைத் திறந்தாள். குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அவர் அந்தப் புட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"எந்திரி" என்றார்.

மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், தோளில் பையோடு, மகளின் ஜாடையில் ஒரு அம்மாள்.

"பைய கீழ வைங்க. இன்னும் தள்ளி. கழுத்துல என்ன?"

"செயின்தாங்க."

"கை ரெண்டும் எனக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும். எதுவும் குடுக்கக் கூடாது. வாங்கவும் கூடாது. புரியுதா?"

அந்த அம்மாள் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையாட்டினார். மகள் கம்பிமேல் சாய்ந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். தாய் அணைத்துக்கொள்ளவில்லை. மகளின் இரண்டு தோளுக்கும் மேலாகக் கைகளை நீட்டி, விரல்களை விரித்து, உள்ளங்கைகளை எங்களுக்குக் காட்டியபடி நின்றார். கண்ணீர் தாடைவரை வழிந்தது, துடைக்கவில்லை. "தெரியுதுங்களா? சரியா வச்சிருக்கேனா?" என்று மகளின் தலைக்கு மேலாகக் கேட்டார்.

பஸ்காரர் ஹாரன் அடித்தார்.

ஒட்டுப்புல் ஓரடி முன்னால் வந்தார். அந்த இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார். உள்ளங்கையைப் பார்த்தார், திருப்பிப் புறங்கையைப் பார்த்தார், விரலிடுக்கையும் விடவில்லை. பிறகு அந்தக் கைகளை மகளின் ஈர முதுகில் கொண்டுபோய் வைத்து, தன் கையால் அழுத்தினார்.