மோந்து மட்டும் பார்த்தவன்

அரியலூர் பஸ் எங்கள் ஊரில் வந்து நின்றால் அதிலிருந்து என் தங்கச்சி அனுசுயா இறங்குவாள். அவள் கால் தரையில் படுவதற்குள் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பைக் வந்து நிற்கும். அதில் இருப்பவன் நல்லுசாமி, அவள் புருஷன். பொண்டாட்டி பஸ்ஸில், புருஷன் பைக்கில். ஒன்றரை வருஷமாக இப்படித்தான். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற வெட்டிப்பயல்கள் அவனுக்கு எஸ்கார்ட்டு என்று பேர் வைத்திருந்தார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் யாரைத் திட்டுவது, காரணம் ஊருக்கே தெரியும்.

நல்லுசாமி டிப்பர் டிரைவர். ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல் அடிக்கிற வண்டி. வேலை நேரத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. பொழுது சாய்ந்தால் குடி. குடித்துவிட்டுச் சண்டை போடுகிற ஆளும் இல்லை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, "இல்ல மச்சான், தொடவே இல்ல மச்சான்" என்று சொல்கிற ஆள். சண்டை போடுகிறவனையாவது நாலு சாத்து சாத்தலாம், இவனை என்ன செய்வது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாசம், நாலு மாசக் கர்ப்பமாக இருந்த அனுசுயாவைப் பின்னால் உட்கார வைத்துப் பெரம்பலூர் ரோட்டில் போதையில் பைக் ஓட்டி வந்தான். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் பாதித் தார் ரோட்டில் மக்காச்சோளம்தான் காயும். அந்தச் சோளத்தில் ஏறி வண்டி சறுக்கிவிட்டது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்குக் கரு கலைந்துபோனது.

ஆறு மாசம் எங்கள் வீட்டிலேயே கிடந்தாள். அவன் வருவான், வாசலில் நிற்பான், போவான். கடைசியில் அவளே இரண்டு கண்டிஷன் போட்டாள். ஒன்று, அம்மன் கோயிலில் கயிறு கட்ட வேண்டும். எங்கள் ஊரில் குடியை விட நினைக்கிறவன் பூசாரி கையால் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணுவான். கூடவே ஒருத்தன் ஜாமீனாகக் கை வைக்க வேண்டும். அந்த ஜாமீன்காரன் நான்தான். எனக்கு என் பெயருக்கேற்ற பொறுமை கிடையாது, ஆண்டவர் என்று பேர். அன்றைக்குக் கை சுட்ட கோபத்தில் பூசாரியையே திட்டிவிட்டேன்.

இரண்டாவது கண்டிஷனைக் கோயில் வாசலில் சொன்னாள். "இனிமே நீங்க ஓட்ற வண்டியில நான் ஏற மாட்டேன். என்னைக்கு ஏறலாம்னு எனக்குத் தோணுதோ அன்னைக்கு நானா ஏறுவேன். அதுவரைக்கும் கூப்புடாதீங்க." அவன் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. பஸ் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபிறகு பஸ்ஸுக்கு இன்னும் நெருக்கமாக வந்தான்.

போன ஐப்பசியில் வளைகாப்பு முடிந்து அனுசுயாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அழைத்து வந்தது பிரேமின் காரில். பிரேம் எங்களோடு படித்தவன். துபாயில் ஒரு ஓட்டல் பாரில் ஒன்பது வருஷம் கிளாஸ் துடைத்து, சரக்கு ஊற்றிவிட்டு, போதும்டா சாமி என்று அப்போதுதான் ஊரோடு வந்திருந்தான். வரும்போது இரண்டு பாட்டில் கொண்டு வந்தான். போர்பன் என்றான்.

"பிஸ்கட்டுதானடா அது?" என்றேன்.

"அமெரிக்காக்காரன் சரக்குடா. எதுல காய்ச்சுறான் தெரியுமா? மக்காச்சோளம். பாதிக்கு மேல சோளம் இருந்தாத்தான் அந்தப் பேரே வைக்க முடியும். புது மரப் பீப்பாய உள்ளார கருக்கிட்டு, அதுல ஊத்தி வருஷக்கணக்குல வச்சிருப்பான்."

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. நாங்கள் மூட்டை மூட்டையாக நாமக்கல் கோழிக்கு அனுப்புகிற சோளத்தில் ஒருத்தன் இப்படி ஒரு வேலை பார்க்கிறானே. அதிலிருந்து தொடங்கியது அந்தப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் சோளக் காட்டு மோட்டார் கொட்டகையில் உட்காருவோம். இரண்டு பாட்டிலை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஜெயித்தது நிற்கும், தோற்றது வெளியே. பிரேமின் சிநேகிதர்கள் லீவில் வரும்போது ஆளுக்கு ஒன்று வாங்கி வந்தார்கள். தை அறுவடைக்குள் எது நல்ல சரக்கு என்று கண்டுபிடித்துவிடுவது என்று பந்தயம். சோடா கூடாது என்றான் பிரேம். ஊறுகாய் கூடாது, தொட்டால் நாக்கு செத்துப்போகும் என்றான். ஊறுகாய் இல்லாமல் என்னடா குடி என்று நான் எழுந்தே போய்விட்டேன். அடுத்த வாரம் தானாகத் திரும்பி வந்தேன்.

அந்த அடுத்த வாரம்தான் நல்லுசாமியும் வந்து நின்றான். பொண்டாட்டியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவன்.

"நானும் உக்காரவா மச்சான்?"

"என்னா, வெளையாடுறியா? கயிறு கட்டியிருக்க. சூடத்துல நானும் கை வச்சிருக்கேன்."

"குடிக்க மாட்டேன். மோந்து மட்டும் பாக்குறேன். ஓடி ஒளிஞ்சா எத்தன நாளைக்கு ஓடுறது? பக்கத்துல உக்காந்து முடியுதான்னு பாக்கணும். முடிஞ்சாத்தான் அவ நம்புவா."

"வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்குறியே மாப்ள."

அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். நான் வீட்டுக்கு ஓடி அனுசுயாவிடம் சொன்னேன். "தெரியும்ணே, என்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தாரு" என்றாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நல்லுசாமிதான் நடுவர் என்று ஆகிப்போனது. கிளாஸுக்குள் மூக்கை நுழைக்காமல், வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு மோந்து பார்க்க வேண்டும் என்று பிரேம் சொல்லிக்கொடுத்தான். பாட்டில்களுக்கு நாங்களே பேர் வைத்தோம். மூடியில் சிவப்பு மெழுகு வைத்திருந்தது மெழுகுக்காரன். படத்தில் வான்கோழி இருந்தது கோழிக்காரன். மெழுகுக்காரனை மோந்துவிட்டு, பொரிஉருண்டைக்கு வெல்லப்பாகு கொஞ்சம் முறுகிப்போன வாசனை என்பான் நல்லுசாமி. கோழிக்காரனை, புதுக் கதவுக்குப் பலகை இழைக்கிற இடத்தில் கிராம்பைக் கடித்த மாதிரி என்பான். நாங்கள் குடித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் என் கண் அவன் கையிலேயே இருந்தது. கிளாஸ் மூக்குக்குப் போகும், கீழே வரும், மறுபடி போகும். மூக்குக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம்? ஒரு விரற்கடை. இவனைக் காவல் காத்த காவலில் எனக்குச் சரக்கின் ருசியே தெரியாமல் போனது.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு அவன் முகமே சரியில்லை. அந்த வாரம் அவன் கூட ஓட்டுகிற டிரைவர் ஒருத்தன் மாரடைப்பில் செத்துப்போயிருந்தான். கிளாஸை மூக்கில் வைத்தவன் எடுக்கவே இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. நல்லுசாமி மெதுவாகச் சுண்டுவிரலை உள்ளே விட்டு நனைத்தான். விரல் உதடு வரைக்கும் வந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கயிறு என் உள்ளங்கையில் உறுத்தியது.

"வுடு மச்சான்," என்றான். நான் விடவில்லை. பிறகு அவனே குனிந்து விரலை மண்ணில் துடைத்தான். துடைத்துவிட்டு, "இதுல வாழப்பழ வாசன இருக்குடா பிரேமு" என்றான். எனக்கு அழுகையும் வந்தது, அவனை மிதிக்க வேண்டும் போலவும் இருந்தது.

தை பிறந்தது. சோளம் அறுத்து, மெஷினில் அடித்து, ஊர் முழுக்க ரோட்டில் காயப்போட்டாயிற்று. கடைசி ஞாயிறு. மெழுகுக்காரனுக்கும் கோழிக்காரனுக்கும் இறுதிப் போட்டி. பிரேம் நாலு கிளாஸில் சாக்பீஸால் நம்பர் போட்டு, எது எதுவென்று சொல்லாமல் ஊற்றி வைத்தான். வீட்டில் அனுசுயாவுக்கு மூன்று நாளாகப் பனி ஒத்துக்கொள்ளாமல் சளி. என் மனைவி ஜானகி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நாங்கள் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தோம். நல்லுசாமி மூன்று கிளாஸை மோந்து சொல்லிவிட்டு நாலாவதைக் கையில் எடுத்தான்.

ஜானகி வரப்பில் ஓடி வந்தாள். "ஏங்க, அனுசுயாவுக்குப் பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. வலி வந்துருச்சு."

எல்லோரும் எழுந்தோம். 108-க்குப் போன் போட்டேன். வண்டி தூரத்தில் இருக்கிறது, எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பிரேம் கார் சாவியை எடுத்தான். எடுத்த சாவி கீழே விழுந்தது. "நீ ஒக்காரு, மொத ஒழுங்கா நில்லு" என்று சாவியைப் பிடுங்கினேன். என் காலும் தரையில் சரியாகப் படவில்லை. இரண்டு பேரும் நல்லுசாமியைப் பார்த்தோம். அப்போதுதான் கவனித்தேன், நாலாம் நம்பர் கிளாஸ் காலியாக இருந்தது.

"குடிச்சியா?"

"இல்ல மச்சான்."

"கிளாஸ் காலியா இருக்கு."

"மோந்துட்டு வச்சிட்டேன் மச்சான். சத்தியமா தொடல."

எத்தனை வருஷம் கேட்ட பாட்டு. எனக்குத் தலைக்கு ஏறியது. சாவியை அவன் நெஞ்சில் எறிந்தேன். "அப்போ ஓட்டு, பாக்கலாம்." சாவி விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"முடியாது மச்சான். அவளக் கூப்புடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. அதே ரோடு, அதே சோளம். என் கையப் பாரு."

கை நடுங்கியது. குடித்த கைதான் என்று முடிவு பண்ணிவிட்டேன். என் தங்கச்சி உயிர், வயிற்றுப்பிள்ளை, சூடத்தில் நான் வைத்த கை, எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் சுற்றியது. சாவியை நானே பொறுக்கிக்கொண்டு, இரண்டு பேரையும் வாயில் வந்தபடி ஏசிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். அவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

வாசலில் அனுசுயா தலையில் துண்டோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"யாரு ஓட்றது?"

வலி ஒன்று வந்து போகும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நேராக நல்லுசாமியிடம் போனாள்.

"ஊதுங்க."

ஷிப்ட் ஏறும்போது, குடித்திருக்கிறார்களா என்று பார்க்க டிரைவர்களிடம் மெஷினை நீட்டி, கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் சொல்கிற சொல் அது. தினம் கேட்டுப் பழகியவன்தான். இருந்தாலும் அவன் முகம் வெளுத்துவிட்டது. அவன் ஒரு எட்டு முன்னால் வந்தான், குனிந்தான், அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து நீளமாக ஊதினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்தாள்.

"வண்டிய எடுங்க" என்றாள். என் கையிலிருந்த சாவியை வாங்கி அவனிடம் கொடுத்துவிட்டு, முன் கதவைத் திறந்து அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். நானும் ஜானகியும் பின்னால் ஏறினோம்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரம்பலூர் ரோடு முழுக்கச் சோளம் மஞ்சளாகக் கிடந்தது. ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பைக் சறுக்கிய அதே இடம் வந்தபோது எதிரே ஒரு லாரி. ஒதுங்க வேண்டுமானால் சோளத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். அவன் பிரேக்கில் காலை வைத்தான். வண்டி நிற்கப்போனது.

"நிறுத்தாதீங்க. மெதுவாப் போங்க. நான்தான் ஒக்காந்திருக்கேன்ல," என்றாள். அவன் சோளத்தில் இறக்கினான். டயருக்கு அடியில் மணிகள் நொறுங்கின. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, கை மட்டும் ஸ்டியரிங்கில் ஆடாமல் இருந்தது. சோளக்காரர் ஒருத்தர் கையை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தார். நான் கண்ணாடியை இறக்கி அவரைவிடச் சத்தமாகத் திட்டினேன்.

பொழுது இறங்குவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருந்தார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து பிரேமுக்குப் போன் போட்டேன். "பொண்ணுடா" என்று சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் அந்தக் கிளாஸைப் பற்றிக் கேட்டேன்.

"நாலாம் நம்பரா? அது நான்தாண்டா. ஜானகி ஓடியாந்தப்ப பயத்துல எடுத்து ஊத்திக்கிட்டேன்" என்றான். அவனை நான் திட்டிய திட்டுக்கு நர்ஸம்மா வெளியே வந்து அதட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு அனுசுயாவிடம் சொன்னேன். "நான்கூட அவன் குடிச்சிட்டான்னே நெனச்சிட்டேன். நாங்க ஒரு வெள்ளாம முழுக்க மோந்து பாத்தோம். உன் மூக்கு ஒரே இழுப்புல கண்டுபுடிச்சிருச்சே."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "எந்த மூக்குண்ணே? மூணு நாளா அடச்சுக் கெடக்கு. அண்ணி வச்ச மொளகு ரசம்கூட வாசம் தெரியல."

"அப்பறம் எதுக்கு ஊதச் சொன்ன?"

வெளியே நல்லுசாமி என்னையும் ஜானகியையும் வீட்டில் விட்டு வரக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"குடிச்சா மூஞ்சத் திருப்பிக்குவாருண்ணே. நேத்து திருப்பல."