பக்கத்து சீட்

ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின் பழுது பார்ப்பவர் அவர். எந்த ஊரில் மெஷின் படுத்துக்கொண்டாலும் மறுநாள் காலையே பையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுவார். அப்படி ஏறி ஏறிச் சம்பாதித்ததுதான் விமானக் கம்பெனி கொடுத்த தங்க நிற அட்டை. ஆபீஸில் அவர் பெயரே 'கோல்டு' என்றாகிவிட்டது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே வரிசையில் நிற்க, இவர் முதல் ஆளாக உள்ளே போவார். பிடித்த சீட்டை இலவசமாகவே எடுத்துக்கொள்வார். "சீட்டுக்குன்னு தனியா காசு அழறவன் ஏமாளி" என்று வீட்டில் உபதேசம் வேறு. கேட்டுக்கொண்டே பரிமாறும் மனைவியோ, மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

மகளுக்குக் குழந்தை பிறந்தபோது மனைவியும் முதல்முறையாகப் பறக்க வேண்டி வந்தது. மகள் இருக்கும் ஊரிலேயே ஒரு மெஷின் வேலையும் இருந்ததால், இவர் டிக்கெட்டை ஆபீஸ் எடுத்தது. அவளுடையதை இவர் தனியாக எடுத்தார். சீட் தேர்வுக்குப் பணம் கேட்ட இடத்தில், வேண்டாம் என்று அழுத்தினார்.

"எனக்கு பயமா இருக்குங்க. பக்கத்துலயே உக்காருவீங்கல்ல?"

"அட்டை எதுக்கு இருக்கு? கவுன்டர்ல நீட்டினா ஒண்ணா போட்டுடுவான்."

அந்தச் சலுகை ஒரே டிக்கெட்டில் வருகிறவர்களுக்கு மட்டும்தான். இருபது வருஷத்தில் இரண்டு பேருக்கு டிக்கெட் எடுத்தே பழக்கமில்லாத மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்?

கவுன்டர் பெண் அவளுக்குக் கடைசி வரிசையில் நடு சீட்டைக் கொடுத்தாள். "ஃபிளைட் ஃபுல் சார். உங்களுக்கு மட்டும் முன்னாடி பெரிய சீட் ஃப்ரீயா போட்டிருக்கேன்."

பின்வரிசையில் யாரிடம் கேட்டிருந்தாலும் அந்தப் பெரிய சீட்டுக்காக ஓடோடி வந்து இடம் மாற்றிக்கொண்டிருப்பார்கள். அது அவருக்கு அப்போதே தோன்றியது. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. "ரெண்டு மணி நேரம்தானே, நீங்க போங்க" என்று அவள் சொன்னதும், அதற்காகவே காத்திருந்தவர்போலப் போய்விட்டார். வழியில் விமானம் தூக்கிப் போட்டபோது அவள் ஞாபகம் வந்தது. சாப்பாடு வந்ததும் அதுவும் போய்விட்டது.

ஓய்வு பெற்ற மறுவருஷமே அட்டை காலாவதியானது. இப்போது மறுபடி மகளைப் பார்க்கப் போகிறார்கள். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே இரண்டு சீட்டுக்கும் பணம் கட்டி, ஜன்னலோரத்தை அவளுக்கு எடுத்திருந்தார். பெல்ட்டை மாட்டிவிட்டுக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார்.

"அன்னிக்கு உன்னைத் தனியா விட்டுட்டேன். ரொம்ப பயந்தியா?"

"பயந்தேன். பக்கத்துல ஒரு அம்மா கையைப் புடிச்சுக்கிட்டாங்க. கூட யாரும் வரலையான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வீட்டுக்காரர் முன்னாடி உக்காந்திருக்கார்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. தனியாதான் வந்திருக்கேன்னு சொல்லிட்டேன்."